"யான் கண்டதில்லை" என்பது ஒரு விடையா?

ஓர் இனம் தன் பகைவனால் மட்டும் வீழ்வதில்லை. தன் உடன்பிறந்தான் படும் துயரை ஒப்புக்கொள்ள மறுக்கும் உள்ளத்தாலும் வீழ்கிறது. பகைவன் இடும் அடி வெளியே தெரியும், அதற்கு மருந்திடலாம். உடன்பிறந்தான் கதறும்பொழுது, "அப்படி ஒன்றும் நடப்பதாக எனக்குத் தெரியவில்லையே!" என்று கூறிவிட்டு நகர்கிறானே ஒருவன், அவன் இடும் அடி வெளியே தெரியாது. ஆயினும் ஆழமாய் இறங்குவது அதுவே. இந்நோய் இன்று தமிழகத்தில், அதிலும் தமிழுணர்வு பேசுவோரிடையே, பரவிக் கிடக்கின்றது. அதனைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசியாக வேண்டும். கசந்தாலும் கேட்க!

சென்னைக்கு மேற்கே கூவத்தின் கரையில் அமைந்த திருவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒருகாலத்தில் வயலும் ஏரியுமாய்க் கிடந்த சிற்றூர் இது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகட்கும் வேலை தேடி வந்தோர் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களினின்றும் வந்து குடியேற, இன்று தெருவுக்குத் தெரு அடுக்குவீடுகளாய் நிற்கிறது. ஆடித் திங்களில் கருமாரியம்மன் கோயிலில் திரளும் கூட்டத்தைக் காட்டி, "இங்கே எவன் ஐயா சாதி பார்க்கிறான்? வரிசையில் முன்னே நிற்பவன் யார், பின்னே நிற்பவன் யார் என்று எவரேனும் கேட்கிறார்களா? சாதியெல்லாம் பழங்கதை. நான் ஐம்பது ஆண்டு வாழ்ந்துவிட்டேன், ஒருநாளும் அதனைக் கண்டதில்லை" என்று பேசுவோர் உளர். படித்தவர்; தமிழ்ப்பற்றாளர்; மேடையேறினால் இனமானம் முழங்குபவர்.

கோயில் வரிசை கேட்பதில்லை, உண்மையே. ஆனால் "வீடு குடிக்கூலிக்கு விடப்படும்" என்று பலகை தொங்கும் வாயில் கேட்கிறது. நேரே கேட்பதில்லை. "சொந்த ஊர் எது?" என்று தொடங்கும். "ஊரில் எந்தத் தெரு? குலக்கோயில் எது? அப்பா பெயர் என்ன?" என்று சுற்றி வளைத்து வரும். விடை பிடிக்காவிடின், "பொறுத்துக்கொள்ளுங்கள், உறவினர்க்கே கொடுத்துவிட்டோம்" என்று முடியும். பலகை மட்டும் மறுநாளும் அங்கேயே தொங்கும். முதல் வாயிலிலேயே திறவுகோலைப் பெற்றுக்கொண்டவனுக்கு இப்படி ஓர் உசாவல் நடப்பதே தெரியாது. ஏழாவது வாயிலில் திருப்பியனுப்பப்பட்டவனுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இருவரும் ஒரே தெருவில்தான் நடந்தனர்.

இங்கே அடிப்படையான ஒரு செய்தியை விளங்கிக்கொள்ள வேண்டும். "யான் கண்டதில்லை" என்பது உலகைப் பற்றிய செய்தி அன்று. சொல்பவன் நிற்கும் இடத்தைப் பற்றிய செய்தி. தாக்கப்படாதவன் தாக்குதலைக் காண்பதில்லை. ஏனெனில் அவன் வருங்கால் கதவு திறக்கிறது, குவளை நீள்கிறது, இருக்கை ஒழிகிறது. எனவே அவன் பட்டறிவின்மையை இழிவு இல்லாமைக்குச் சான்றாக்குவது, பசியறியாதவன் "நாட்டில் பஞ்சமே இல்லை" என்று உறுதிகூறுவதை ஒக்கும்.

"பட்டவன்தான் சொல்ல முடியும், படாத நான் எப்படி நம்புவது?" என்று கேட்பாயாயின், தமிழனே, உன்னை ஒன்று கேட்கிறோம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிந்தபொழுது நீ அங்கிருந்தாயா? ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை உன் கண்ணால் கண்டாயா? 1983 சூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழரைத் தேடித் தேடிக் கொன்றபொழுது நீ ஓடி ஒளிந்தாயா? 2009 மே திங்களில் முள்ளிவாய்க்கால் மணலில் உன் பிள்ளையைப் புதைத்தாயா? இல்லை. ஆயினும் நம்பினாய். கடையடைத்தாய், ஊர்வலம் சென்றாய், 2013ஆம் ஆண்டில் உன் பிள்ளைகள் கல்லூரிகளை விட்டு வெளியேறி உண்ணாநோன்பு இருந்தபொழுது நெஞ்சு நிமிர்ந்தாய். திருவேற்காட்டினின்று கூப்பிடு தொலைவிலுள்ள பூந்தமல்லியில் "சிறப்பு முகாம்" என்னும் பெயரில் ஈழத்தமிழரை அடைத்து வைத்திருந்த காலத்தில், அம்மதிலுக்குள் நடந்தது எதனையும் நீ கண்டதில்லை. உள்ளிருந்தோர் சொல்லை நம்பிக் குரல் கொடுத்தாய். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஏதிலியர் குடியிருப்புகளில் வாழ்வோர் தம் வரலாற்றைச் சொன்னபொழுது, "சான்று காட்டு" என்று நீ கேட்கவில்லை.

நன்று செய்தாய்! அதுவே மாந்த நேயம், அதுவே இனப்பற்று. ஆனால் கடல் கடந்து வந்த கதறலுக்குச் சான்று கேளாத நீ, உன் ஊர்ச்சேரியிலிருந்து வரும் கதறலுக்கு மட்டும் ஏன் சான்று கேட்கிறாய்? கரணியம் வெளிப்படை. அங்கே குற்றவாளி சிங்களவன். ஒப்புக்கொள்வதால் உனக்கு இழப்பில்லை. இங்கே குற்றவாளி உன் மாமனாக இருக்கலாம். உன் ஊர்ப்பெரியவராக இருக்கலாம். உன் வீட்டுத் திண்ணையாகவே இருக்கலாம். ஒப்புக்கொண்டால் எதையேனும் இழக்க நேரும். ஆகவே கண் திடுமெனக் குருடாகிறது.

தான் படாத துன்பத்தை ஒப்புக்கொள்வது எத்தகைய அருஞ்செயல் என்பதற்கு ஈழ வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை, ஏழு இலக்கத்துக்கும் மேற்பட்டோரை, நாடற்றவராக்கியது. யாழ்ப்பாணத் தமிழரின் குடியுரிமையை அச்சட்டம் தொடவில்லை. "நமக்கென்ன?" என்று இருந்திருக்கலாம், இருந்தோர் பலர். ஆனால் காங்கேசன்துறைச் சார்பாளராயிருந்த செல்வநாயகம் அவ்வாறு இருக்கவில்லை. இன்று மலையகத் தமிழன் மீது பாய்ந்த சட்டம் நாளை மொழியின் பெயரால் நம் மீதும் பாயும் என்று எச்சரித்தார். தம் கட்சித் தலைமை அரசோடு இணைந்தபொழுது அக்கட்சியை விட்டு வெளியேறினார். 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஏழே ஆண்டில், 1956இல், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. அயலான் முதுகில் விழுந்த அடியைத் தன் முதுகில் விழுந்ததாக எண்ணியவனே வருவதை முன்னறிந்தான். எண்ணாதவன் அடிபட்ட பின்னரே விழித்தான். அதற்குள் மலையகத் தமிழர் பண்டமாகிவிட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை இரு நாட்டு அரசுகளும் பங்கு பிரித்தன. அவருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று, அவர்களைக் கேளாமலே, முடிவு செய்தன.

அதே ஈழத்தில் மறுபக்கமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. அந்த மலையகத் தமிழரைப் பற்றிய சட்டவரைவில் அரசோடு முரண்பட்டு அமைச்சர் பதவியை இழந்தவர் சி. சுந்தரலிங்கம், தனித் தமிழீழம் என்னும் கருத்தைத் தொடக்கத்திலேயே பேசியவர்களுள் ஒருவர். 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைந்து வழிபட ஒடுக்கப்பட்ட தமிழர் முயன்றபொழுது, வாயிலில் நின்று தடுத்தோர்க்குத் தலைமை தாங்கியவரும் அவரே! சிங்கள அரசு இழைத்த கொடுமை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. தம் இனத்தானுக்குத் தம் இனத்தானே இழைத்த கொடுமை தெரியவில்லை. அறிவுக் குறைவாலா? இல்லை, அவர் கணக்குப் பேராசிரியர். நின்ற இடம் அப்படி. விடுதலை கேட்ட வாயே தாழிட்ட கதவுக்குக் காவலும் இருக்குமாயின், அவ்விடுதலை யாருக்கு என்று கேட்கும் உரிமை வெளியே நின்றவனுக்கு உண்டா, இல்லையா?

இனித் தமிழகத்துக்கு வருவோம். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைமைப் பதவி ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டமை ஒன்றே குற்றமாக, 1997 சூன் 30ஆம் நாள் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். வெட்டியவனும் தமிழ் பேசினான். வெட்டுண்டவனும் தமிழ் பேசினான். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் ஒதுக்கீட்டுத் தேர்தலை முறையாக நடத்தவே இயலவில்லை, 2006இல்தான் நடந்தது. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் ஒடுக்கப்பட்ட மக்களின் வழியை அடைத்து நின்றது. 2008 மே திங்களில் அதன் ஒரு பகுதி இடிக்கப்படும் வரை, தமிழகத்தில் எத்தனை பேர் அதனைப் பற்றிப் பேசினோம்? சுவர் ஒளிந்திருக்கவில்லை. நம் கால்கள் அவ்வழியே செல்லவேண்டிய தேவை இல்லாதிருந்தது, அவ்வளவே.

2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளிப்பட்டது. ஆட்சியரும் காவல்துறைக் கண்காணிப்பாளரும் நேரில் சென்றனர். சென்ற இடத்தில் தேநீர்க்கடையில் இரட்டைக்குவளை இருந்ததைக் கண்டனர். அம்மக்கள் அய்யனார் கோயிலுக்குள் விடப்படாததையும் கண்டனர். தாமே அவர்களை உள்ளே அழைத்துச் சென்றனர். பின்னர் 2025 சனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாகக் காட்டிக் காவல்துறை குற்ற அறிக்கை தந்தது. அம்மக்கள் அதனை ஏற்கவில்லை. "பார்த்தீர்களா! எல்லாம் அவர்களே செய்துகொண்டது" என்று துள்ளியோர் உளர். அவர்களைக் கேட்கிறோம்: தொட்டியில் கலந்தவன் எவனாகவும் இருக்கட்டும், அது வழக்குமன்றத்தின் பாடு. இரட்டைக்குவளையை வைத்தவன் யார்? அய்யனார் கோயில் வாயிலை அடைத்தவன் யார்? அவை ஆட்சியர் வந்த அன்று முளைத்தவையா? அரசு ஊர்தி ஒன்று தற்செயலாக அவ்வூருக்குள் நுழையும் வரை அவற்றை எவரும் "கண்டதில்லை". காண மறுத்தமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

இச்செய்தி திருவேற்காட்டுக்கும் அயலானதன்று. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும் வரை இவ்வூர் செங்கற்பட்டு மாவட்டத்துள் இருந்தது. அம்மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர், 1890களின் தொடக்கத்தில் சேரி மக்களின் நிலைபற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையின் மண்கூட அவர்களுக்கு உரிமையில்லை. நிலவுரிமையாளன் நினைத்தால் ஒரே நாளில் வெளியேற்றலாம். தரிசு நிலம் கேட்டாலும் கிடைக்காமல் செய்ய அவனுக்கு வழியிருந்தது என்பவற்றை அதில் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையால் ஒதுக்கப்பட்டவையே பின்னர்ப் "பஞ்சமி நிலம்" எனப்பட்டன. வெள்ளையன் புகழ்பாட இதனைச் சொல்லவில்லை. அவன் ஆட்சியின் கொள்ளையை நாம் அறிவோம். ஆனால் அயலான் ஒருவன் சில ஆண்டுகளில் கண்டதை, தலைமுறை தலைமுறையாய் அருகே வாழ்ந்த நாம் காணவில்லை என்றால் நாணவேண்டியவர் யார்? அந்நிலங்களும் கைமாறிப் போயின. மீட்கக் கேட்டபொழுது, 1994 அக்தோபரில், அதே செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் காவல்துறைத் துமுக்கிச் சூட்டில் இரண்டு இளைஞர் உயிர் பறிபோயிற்று.

இந்திய அரசின் இரட்டை நாக்கையும் பாருங்கள். 2001ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரில் ஐ.நா. அவை இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டைக் கூட்டியது. சாதிக்கொடுமையையும் அங்கே பேசவேண்டும் என்று ஒடுக்கப்பட்டோர் கேட்டனர். தென்னாப்பிரிக்க வெள்ளை வெறியை உலகெங்கும் கண்டித்துப் பெயர் வாங்கிய இந்தியா, "சாதி எங்கள் உள்நாட்டுச் செய்தி, இனவெறியில் அடங்காது" என்னும் நிலையெடுத்துத் தடுத்தது. இதே "உள்நாட்டுச் செய்தி" என்னும் கேடயத்தைத்தானே செனீவாவில் சிங்கள அரசும் ஏந்தி நிற்கிறது! அங்கே அதனைக் காறி உமிழும் நாம், இங்கே அதனை ஏந்தலாமா?

கடல் கடந்து சென்ற இந்தியரும் இதனையே செய்கின்றனர். வெள்ளையன் தன்னை நிறம் பார்த்து ஒதுக்குகிறான் என்று அவர்கள் முறையிடுவது முறையே. ஆனால் பிரித்தானியச் சமன்மைச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க 2013இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வழிசெய்தபொழுது, எதிர்த்து நின்றவை அங்குள்ள இந்து அமைப்புகளே. 2018இல் அரசு அம்முயற்சியைக் கைவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரவை 2023இல் சாதி வேற்றுமையைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டவரைவை ஆளுநர் ஒப்ப மறுத்தார். எதிர்த்தோர் கூற்று என்ன? "இங்கே சாதி இல்லை, நாங்கள் கண்டதில்லை" என்பதே. தன்மேல் விழும் அடியை வெள்ளையன் ஒப்பவேண்டும். தான் இடும் அடியைத் தான் ஒப்பமாட்டான்! இவ்விரட்டை அளவுகோலை எந்த அறம் ஏற்கும்?

மறுப்பாளர் இங்கே மூன்று தடைகளை எழுப்புவர். "சாதியைப் பேசினால் தமிழர் பிளவுபடுவர்" என்பது முதல் தடை. பிளவு பேச்சால் வந்ததா, சுவரால் வந்ததா? சுவர் எழுப்பியவனை விட்டுவிட்டுச் சுவர் இருக்கிறது என்று சொன்னவனைப் பிளவாளன் என்பது எந்த ஊர் முறை? "சாதி ஆரியன் கொண்டுவந்தது, நம்மிடம் குற்றமில்லை" என்பது இரண்டாம் தடை. நஞ்சைக் கொண்டுவந்தவன் எவனாயினும் ஆகுக. மேலவளவில் அரிவாளைப் பிடித்த கை எவன் கை? வந்த வழியை ஆய்வது ஆய்வாளன் வேலை. ஊற்றிக்கொண்டிருக்கும் கையைப் பிடிப்பது நம் வேலை. "தமிழ்நாடு விடுதலை பெற்றால் சாதி தானே ஒழியும்" என்பது மூன்றாம் தடை. எதுவும் தானே ஒழியாது. தீண்டாமையை ஒழித்ததாக இந்திய அரசியல் சட்டம் 1950இல் எழுதியது. 1955இல் ஒரு சட்டம், 1989இல் மற்றொரு சட்டம் என்று அரசு எழுதிக்கொண்டே வருகிறது. இல்லாத ஒன்றுக்கு எவனும் இத்தனை சட்டம் எழுதமாட்டான். 2023 ஆகத்து திங்களில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்களே. சட்டப் புத்தகத்தை அவர்கள் தலையிலும் ஏற்றியிருந்தோம்; தமிழையும் ஏற்றியிருந்தோம். மாந்தத்தை ஏற்றினோமா?

ஒப்புக்கொள்வது என்றால் என்ன? "உங்கள் துன்பம் எனக்குத் தெரியும்" என்று மேடையில் கண்ணீர் விடுவதன்று. உனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் பேசுவது மற்றொரு திருட்டு. இரக்கம் காட்டுவதும் அன்று. இரக்கம் மேலிருந்து கீழே விழுவது. ஒப்புக்கொள்வது என்பது, "எனக்குத் தெரியாத ஒன்றை நீ அறிந்திருக்கிறாய், உன் சொல் எனக்குச் சான்று" என்று சொல்லி, அச்சொல்லுக்கேற்ப நடந்துகொள்வது. நடத்தையில் மாற்றமில்லாத ஒப்புதல் வெறுஞ்சொல்.

ஆகவே இயக்கத்தார் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் செய்யவேண்டுவன இவை. முதலாவது, பட்டவன் பேசும்பொழுது, "உண்மையா? மிகையா?" என்று கேட்கும் முன் முழுவதும் கேட்க. இரண்டாவது, வீடு குடிக்கூலிக்கு விடுபவர் ஊரையும் தெருவையும் குலக்கோயிலையும் உசாவுவதை விடுக. அடுத்த வீட்டான் உசாவினால் அவன் முகத்துக்கு நேரே கண்டிக்க. மூன்றாவது, நம் கூட்டங்களைப் பெருந்தெரு மண்டபங்களில் மட்டும் நடத்தாது சேரிகளில் நடத்துக. அங்கே நாம் பேசப் போகாமல் கேட்கப் போகுக. நான்காவது, நம் தெருவின் கழிவுக்குழியில் மாந்தனை இறக்குவதை எவர் செய்யினும் தடுக்க. குழிக்குள் இறங்கி இறப்போரின் குடும்பத்துக்கு 30 இலக்கம் உருபா இழப்பீடு தரவேண்டும் என்று 2023இல் உச்சமன்றம் கூறியது. பணம் பெற இறக்கவேண்டும் என்னும் நிலை இனத்துக்கே மானக்கேடு. ஐந்தாவது, நம் பிள்ளைகள் சாதி கடந்து மணம் செய்யுங்கால், மேடையில் வாழ்த்திவிட்டு வீட்டில் கதவடைக்கும் கயமையை ஒழிக்க.

தமிழனே! உலக மன்றங்களின் முன் நின்று, "நாங்கள் ஒடுக்கப்பட்ட இனம், எங்கள் சொல்லை நம்புங்கள், நீங்கள் கண்டதில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது" என்று முறையிடுகின்றோம். அம்முறையீடு முற்றிலும் சரி. அதே சொற்களை, ஒரு சொல்லும் மாற்றாமல், உன் ஊர்ச்சேரியில் வாழும் தமிழன் உன்னைப் பார்த்துச் சொல்கிறான். அவனுக்கு நீ என்ன விடை தருகிறாயோ, அதே விடையை உலகமும் உனக்குத் தரும். முதலில் அவன் சொல்லை ஒப்புக! பின்னர் அவன் தோளோடு தோள் நிற்க! தமிழினம் ஓரினமாய் எழுவது அதன் பின்னரே.